தேர் நாளில் அக்காவின் மெயில் ஆபீஸ்

உலகத்தில் இதுவரை மெயில் அனுப்பியவர்கள் இரண்டே வகை. பெரிய பெரிய கம்பெனிக்காரன் வாசலில் போய் நின்று அனுப்பியவர்கள் ஒரு வகை. எங்கள் அக்கா சுபலட்சுமி இன்னொரு வகை. அமெரிக்காவில் மலையைக் குடைந்து, ஆற்றை உள்ளே விட்டுக் குளிரவைத்து, துப்பாக்கி வைத்த ஆளைக் காவலுக்குப் போட்டு அவர்கள் நடத்துகிற காரியத்தை, எங்கள் அக்கா ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில், இரண்டாவது மாடியில், துணி காயப்போடுகிற அறையில், ஒரு மேஜை ஃபேனையும் என்னையும் வைத்து நடத்திவிட்டாள். காவிரி ஒரு பக்கமும் கொள்ளிடம் ஒரு பக்கமும் ஓடுவதே அந்தப் பெட்டி சூடாகக் கூடாது என்பதற்காகத்தான் என்று நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று பேர் நம்பினார்கள்.

பெட்டி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மூடிப்போன பிரௌசிங் சென்டரிலிருந்து வந்த பழைய கம்ப்யூட்டர். பக்கத்துத் தகடு காணாமல் போயிருந்ததால் அந்த இடத்தில் அக்கா கொசுவலைத் துணியைக் கட்டியிருந்தாள். மானிட்டர் கிடையாது. தன் லேப்டாப்பிலிருந்தே அதோடு பேசுவாள். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே பேசுவாள். "ஏன்டா வாங்க மாட்டேங்கிற, நேத்து வாங்கினியே" என்று குரல் வந்தால், திட்டு எனக்கா பெட்டிக்கா என்று பிரித்தறிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. பெட்டியைத் திட்டும்போது குரலில் ஒரு மரியாதை இருக்கும். அதுதான் அடையாளம்.

எங்களுக்கு ஊர் ஜீயபுரம். அப்பாவுக்கு வாழை. அக்கா திருச்சியில் கம்ப்யூட்டர் படித்து, கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கம்பெனியில் சில வருஷம் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டுக்காரனுடைய வெப்சைட் நின்றுபோனால் அவன் கத்துவான், அக்கா மன்னிப்புக் கேட்பாள். அதுதான் வேலை. யார் யாரோ செய்த தப்புக்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுப் பழகி, வீட்டில் கதவில் இடித்துக்கொண்டால்கூடக் கதவிடம் சாரி சொல்லுவாள். அம்மாவுக்கு இவளால் வேறு கவலை. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால், "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் கேட்பதற்குள் அம்மா கேசரியை எடுத்து வைத்துவிடும்.

நான் அஜித். பிளஸ் ஒன்னைப் பாதியில் நிறுத்தியவன். ஹெட்மாஸ்டர் ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்துப் பூ சுற்றிக் கோயில் வாசலில் விட்டது நான் இல்லை என்று இன்றுவரை சாதித்து வருகிறேன். அக்காவுக்குத் துணை என்று சொல்லி என்னை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார்கள். யாருக்கு யார் துணை என்பது ஊருக்கே தெரியும்.

அக்கா வேலையை விட்டதற்குக் காரணம் சின்னையன் பெரியப்பா. ஜீயபுரம் வாழை விவசாயிகள் குழுவுக்கு அவர்தான் தலைவர். குழுவின் மெயில் எங்கேயோ ஒரு மலிவுக் கம்பெனியில் இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் கம்பெனியே இல்லை. வந்த கடிதம், போன கடிதம் எல்லாம் அதோடு போய்விட்டது. அவசரத்துக்கு வேறு ஓர் இடம் பிடித்துக் கொடுத்த அக்காவிடம் பெரியப்பா கேட்டார்: "வீட்டுல பத்தாயம் இருக்கும்போது நெல்லைக் கொண்டுபோய் அடுத்த ஊர்ல கொட்டி வைப்பாங்களாம்மா?" அக்கா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த வாரம் பெட்டி வந்தது.

மெயில் அனுப்புவது சுலபம். அடுத்தவனை நம்பவைப்பதுதான் பாடு. புதிதாகத் திறந்த மெயில் ஆபீஸை உலகத்தில் எவனும் நம்ப மாட்டான், நேராகக் குப்பையில் தள்ளுவான். பெண் வீட்டைப் பற்றி விசாரிக்கிற மாதிரிதான் விசாரிப்பான். பேரைச் சொன்னால் வீட்டைக் காட்ட வேண்டும், வீட்டைக் காட்டினால் அங்கே இருப்பவர் அதே பேரைச் சொல்ல வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் உட்கார்ந்து காபி குடிப்பான். இதற்கு நெட்டில் என்றைக்கும் மாறாத விலாச நம்பர் ஒன்று வேண்டும். எங்கள் தெருவுக்கு நெட் கொடுக்கிற கேபிள்காரர் அற்புதசாமியிடம் அக்கா நடையாய் நடந்து வாங்கினாள். "எல்லாரும் சினிமா பார்க்க நெட் கேக்கறாங்க, நீங்க மட்டும் ஏம்மா தபாலாபீஸ் வைக்கணும்ங்கிறீங்க" என்று கேட்டுக்கொண்டேதான் அவர் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு மெயிலுக்கும் முத்திரை, குப்பையைப் பொறுக்க ஒரு காவல், பூட்டு என்று மாசக்கணக்கில் உட்கார்ந்தாள்.

அந்தப் பூட்டை அவள் கடைசியாகத்தான் போட்டாள். அதுவரைக்கும் வீட்டுக்குள் இருக்கிற யார் வேண்டுமானாலும், எந்தப் பேரில் வேண்டுமானாலும் அந்தப் பெட்டியிலிருந்து மெயில் அனுப்பலாம். இது அக்காவுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்புறம் ஒரு சந்து. அங்கே பீமராவ் என்று ஒருவர், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுத் தென்னை, மட்டையை எங்கள் மொட்டை மாடியில்தான் போடும். எடுக்கச் சொன்னால், மரம் அதன் இஷ்டத்துக்குப் போடுகிறது, அதனிடமே கேட்டுக்கொள் என்பார். ஆகவே மர அடையாள ஆணையத்திலிருந்து அவருக்கு ஒரு மெயில் போனது. வீட்டுத் தென்னைக்கு ஆதார் எடுக்க வேண்டும், மரத்தின் முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ கொண்டு வரவும். மனுஷன் மரத்துக்கு மாலை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போய் ஆதார் சென்டர் வரிசையில் நின்றுவிட்டார். அங்கே சிரித்த சிரிப்பு சந்து வரைக்கும் வந்தது. மெயில் என்கிற சனியன் வயர் வழியாகத்தான் வருகிறது என்று முடிவு கட்டி, இனிமேல் தன் மொட்டை மாடிக்கு மேலே எவன் வயரும் போகக் கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டார்.

பெட்டியில் மெயிலோடு அக்கா ஒரு வெப்சைட்டும் வைத்திருந்தாள். காந்தி மார்க்கெட்டுக்குப் போன் போட்டு, பூவன் என்ன போகிறது, ரஸ்தாளி என்ன போகிறது, மொந்தன் காய் என்ன போகிறது என்று கேட்டு அன்றன்றைக்குப் போடுவாள். யாரும் திறக்கவில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற இடத்தில் ஒன்று என்று வரும். அது அவளேதான். சில நாள் இரண்டு என்று வரும். அது நான். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்போது முகத்தைப் பார்க்கச் சகிக்காது. எனக்குச் சகிக்காது என்று சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் துறையூர் ரோசம்மாள் வந்தாள். பஜ்ஜிக்கடை வைத்திருக்கிற பொம்பளை. வெப்சைட்டில் எங்களுக்கு எழுதுங்கள் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் எழுதினாள். பாப்பா, நீ மொந்தன் விலை போடுறது கடைக்கு ரொம்ப உபயோகமா இருக்கு, விடாம போடு.

ரோசம்மாள் நான்தான்.

நாலு நாள் பேசவிட்டு, இரட்டை வாழைப்பழத்துக்கு ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று கேட்டு அலையவைக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் முதல் மெயில் வந்த அன்றைக்கு அக்கா பாட்டுப் பாடிக்கொண்டே எனக்கு முட்டை தோசை ஊற்றினாள். முட்டை தோசையை யார் வேண்டாம் என்பார்கள். அப்படியே தொடர்ந்தது. ரோசம்மாளுக்கு என்று ஒரு மெயில் விலாசம் வேறு வைத்துக்கொண்டேன். அக்கா பதில் போடுவாள், பக்கம் பக்கமாக. எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் துறையூர் பஜ்ஜிக்கடைக்காரியிடம் சொன்னாள். ஒரு தடவை எழுதினாள்: எனக்கு ஒரு தம்பி இருக்கான். எல்லாரும் தறுதலைன்னு சொல்றாங்க. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். மனசு கெட்டது இல்லை. படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் காக்கா விரட்டினேன்.

இப்போது தேருக்கு வருகிறேன்.

குழுவின் மெயிலை, அவசரத்துக்குப் பிடித்த பழைய இடத்திலிருந்து எங்கள் பெட்டிக்கு மாற்ற அக்கா நாள் பார்த்தாள். சித்திரைத் தேருக்கு முதல் நாள் சாயங்காலம் மாற்றுவது என்று முடிவு. ஜீயபுரமே தேர் பார்க்க ஸ்ரீரங்கத்தில் இருக்கும், யாரும் மெயில் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள், ஏதாவது கோணினால் நிதானமாகச் சரிசெய்யலாம் என்பது அவள் கணக்கு. மாற்றியதும், இதுதான் புது விலாசம், ஒரு நாள் முழுக்க ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்கு அறிவிப்பும் கொடுத்துவிட்டாள். அறிவிப்பைக் கொடுத்தால் கொடுத்ததுதான். அடுத்த நிமிஷம் மாற்றிக் கொடுத்தாலும் முதலில் சொன்னதைக் கேட்டவன் அந்த ஒரு நாளும் எங்கள் பெட்டிக்குத்தான் வருவான்.

எல்லாம் சரியாகத்தான் யோசித்தாள். ஒன்றைத்தான் விட்டுவிட்டாள். நாங்கள் ஜீயபுரத்துக்காரர்கள். வருஷா வருஷம் தேரைக் கூட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, பானகம் குடித்துவிட்டு, பஸ் பிடித்தவர்கள். அந்தத் தெருவிலேயே குடியிருந்து பார்க்கிற முதல் தேர் இது. அவ்வளவு உயரத் தேர் போகிற வழியில் மேலே ஒரு வயரும் தொங்கக் கூடாது என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

தேர் அன்றைக்குக் காலையில் சுவரில் இருந்த நெட் டப்பாவின் பச்சை விளக்கு சிவப்பானது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அற்புதசாமியின் ஆட்கள் ஏணி போட்டு, தெருவைக் குறுக்கே தாண்டி எங்கள் வீட்டுக்கு வருகிற வயரை அவிழ்த்துக் கம்பத்தோடு சுருட்டி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினாள். அங்கிருந்த பையன், எல்லார் வீட்டுக்கும் சொல்லியாச்சே அக்கா, நாளைக்குக் காலையில திரும்பக் கட்டிடுவோம் என்றான். சொன்னது உண்மைதான். என்னிடம்தான் சொன்னான். வயரைக் கழற்றுவதை ஒரு செய்தி என்று நான் நினைக்கவில்லை.

திரும்பி மாடி ஏறும்போது அக்கா, ஒரு நாள்தானே, வருகிற மெயில் எல்லாம் அனுப்பினவனிடமே காத்திருக்கும், நாளைக்கு வந்து சேரும், ஒன்றும் தொலையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சின்னையன் பெரியப்பா வந்தார். குடும்பத்தைத் தெருவில் நிழலாகப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, காபி குடிக்க மேலே வந்திருக்கிறார். முகமெல்லாம் சந்தோஷம். வாழை வாங்குகிற மும்பைக்காரன் நேற்று ராத்திரி போன் பண்ணினானாம். இன்றைக்குக் காலையில் ஆர்டர் மெயில் அனுப்புகிறான். அதில் ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பரைப் போட்டு, நம் விலாசத்திலிருந்து, மத்தியானத்துக்குள் சரி என்று பதில் போட்டால் லாரி ஜீயபுரத்துக்கு வரும். இல்லாவிட்டால் தேனிப் பக்கம் போய்விடும். வெட்டுகிற ஆட்களைத் தேருக்குக்கூட விடாமல் தோப்பில் உட்காரவைத்திருக்கிறாராம். முதல் வெட்டு எங்கள் அப்பாவின் ஜி-நைன் ரக வாழை.

"தார் எல்லாம் முத்திப்போச்சும்மா. இந்த வாரம் வெட்டலைன்னா மரத்துலயே வெடிச்சுடும். உள்ளூர்ல அவ்வளவு தாரை எவன் வாங்குவான்" என்று சொல்லிக்கொண்டே காபியை ஆற்றினார்.

அக்கா மறைக்கவில்லை. லைன் இல்லை என்று சொன்னாள்.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். போனில்தான் நெட் இருக்குமே என்றார். போன் நெட் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகத்தான் விடும், வெளியே இருந்து ஒருவன் வந்து கதவைத் தட்ட விடாது என்று அக்கா விளக்கினாள். தவிர, தெருவில் நிற்கிற கூட்டத்தில் யாருடைய போனுக்கும் சிக்னல் இல்லை. வேறு விலாசத்துக்கு அனுப்பச் சொல்லலாமா என்றார். அதையும் அவரே தள்ளிவிட்டார். முன்பு ஒருவன் குழுப் பேரைச் சொல்லி ஏமாற்றியதிலிருந்து, பதிந்துவைத்த விலாசம் தவிர வேறு எதையும் மும்பைக்காரர்கள் ஏற்பதில்லை. பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபடி மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்.

"குழுவுல நாலு பேர் இப்ப மாத்த வேணாம்னாங்க. நான்தான் நம்ம பொண்ணுன்னேன்."

திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் திட்டவில்லை. அக்கா போய்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். தேருக்காகத் தெருவில் கரண்டையும் நிறுத்தியிருந்தார்கள், இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடுகிறது, பெட்டி ஓடுகிறது, கொசுவலைத் துணி ஆடுகிறது. உயிரோடு இருக்கிற பெட்டிக்கு உலகம் இல்லை. அக்கா முதுகு எனக்குத் தெரிந்தது. கம்பெனியில் திட்டு வாங்கிவிட்டு வருகிற நாளில் இருக்குமே, அதே முதுகு.

ஏதாவது சொல்ல வேண்டும். எனக்கு வராது. நான் வாயைத் திறந்தால் கேலிதான் வரும், அது பழக்கதோஷம். ஆகவே மாடிப்படியில் பெரியப்பாவுக்கு மேல்படியில் உட்கார்ந்து, போனை எடுத்து, வெப்சைட்டைத் திறந்து ரோசம்மாளை வரவழைத்தேன். பாப்பா, இன்னிக்குத் தேர். உனக்காக நானும் வேண்டிக்கிறேன். நீ வெச்ச பக்கம் இன்னிக்கும் நல்லாத் திறக்குது. பக்கத்துல இருக்கிறவங்களைக் கேளு, யாராவது கை கொடுப்பாங்க, தயங்காதே.

உள்ளே லேப்டாப் ஒரு சின்னச் சத்தம் போட்டது. அக்கா குனிந்து படித்தாள். வெகுநேரம் படித்தாள், அவ்வளவு பெரிய கடிதம் இல்லை அது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"அஜித், எந்திரி. பின்சந்துல தேர் வராது. அங்க அற்புதசாமி பெட்டி ஒண்ணு கம்பத்துல இருக்குல்ல?"

இருந்தது. எங்கள் மாறாத நம்பர் வீட்டு டப்பாவோடு சேர்ந்தது, அற்புதசாமியின் எந்தப் பெட்டியில் செருகினாலும் அதே நம்பர்தான். வேண்டியது வயர்.

நான் தெருவில் இறங்கினேன். எள் போட்டால் எண்ணெய் எடுக்கிற கூட்டம். தேர் இன்னும் எங்கள் தெருவுக்குத் திரும்பவில்லை, ஆனால் ரெங்கா ரெங்கா என்கிற சத்தம் அலை மாதிரி மேற்கிலிருந்து வந்தது. மூலையில் ஏணியைப் பிடித்துக்கொண்டு அற்புதசாமி நின்றார். தேர் தாண்டுகிறவரை நகர முடியாது, என் ஆளையும் அனுப்ப முடியாது என்றார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். வாழை என்றதும் முகம் மாறியது. அவருக்கு மாமனார் ஊர் முக்கொம்புப் பக்கம், அங்கேயும் வாழைதான். இரண்டு முனையிலும் பின் போட்டுத் தயாராக இருந்த ஒரு வயர்ச் சுருளை வண்டியிலிருந்து எடுத்து என் தோளில் மாட்டினார்.

"பெட்டி கதவைத் திறந்தா காலியா ஒரு ஓட்டை இருக்கும், அதுல செருகு. வேற எதையாச்சும் தொட்டே, சந்துல ஒரு வீட்டுலயும் சீரியல் ஓடாது. பொம்பளைங்க உன்னைத் தேர்ல கட்டி இழுப்பாங்க."

திரும்பும்போது கூட்டம் இன்னும் இறுகியிருந்தது. ஒரு அடி நகர முடியவில்லை. சத்தம் மூலைக்கு வந்துவிட்டது. நான் குரலைத் தடிப்பாக்கி, "தேர் வேலை, தேர் வேலை, வழி விடுங்க" என்றேன். தோளில் சுருளைப் பார்த்துவிட்டுச் சனம் விலகியது. ஒரு பெரியவர் வயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரைப் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும்.

சந்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், பீமராவ் வீட்டு வாசலில். கம்பத்துக்கும் எங்கள் மாடிக்கும் நடுவே அவர் மொட்டை மாடிதான் இருக்கிறது. அக்கா பேசி முடித்திருந்தாள் போலிருக்கிறது. பீமராவ் கதவில் கையை ஊன்றியிருந்தார்.

"வாழை சரிம்மா. லாரி சரிம்மா. எனக்கு அந்தத் தென்னை மர மெயில் வந்துச்சே, அது எந்த வயர்ல வந்துச்சு? அதை முதல்ல சொல்லு."

நான் சுவரில் ஒட்டியிருந்த குழாய் ரிப்பேர் விளம்பரத்தைக் கவனமாகப் படித்தேன்.

"வயர்ல என்னங்க இருக்கு. என் பெட்டியிலேர்ந்துதான் வந்துச்சு" என்றாள் அக்கா.

அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பீமராவ் கை கதவிலிருந்து இறங்கியது. அனுப்பினது யாரு என்றார்.

"உள்ள புகுந்தது யாருன்னு கேக்கறீங்க. கதவு என்னோடது. பூட்டாம வெச்சது நான். இப்பப் பூட்டியாச்சு."

கம்பெனியில் ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தையை அவள் இங்கே சொல்லவில்லை. தலையும் குனியவில்லை. அவர் அவளைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் முடிந்தவரை பக்தியாக நின்றேன்.

"ஒரு மெயில் வரணும். அதே ஆபீஸ்லேர்ந்து. மரத்துக்கு ஆதார் வேணாம்னு. என் சம்சாரம் இன்னமும் மரத்துக்குப் பொட்டு வெச்சு, ஆபீசர் வருவார்னு உக்காந்திருக்கா. நான் சொன்னா நம்பமாட்டேங்கிறா."

லைன் வந்ததும் அனுப்புகிறேன் என்று அக்கா சத்தியம் மாதிரிச் சொன்னாள். கதவு திறந்தது. நான் கம்பத்தில் ஏறிச் செருகினேன். அக்கா அந்த மொட்டை மாடியில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வயரைத் தென்னை மட்டையில் மாட்டாமல் தூக்கிப் பிடித்து, எங்கள் மாடிச் சுவருக்கு எறிந்தாள். முதல் தடவை விழவில்லை. இரண்டாவது தடவையும் விழவில்லை. பீமராவ், "எறியத் தெரியாத பசங்க" என்று முனகிக்கொண்டு துணி உலர்த்துகிற கம்பில் மாட்டி நீட்டினார். பெரியப்பா அந்தப் பக்கம் பிடித்தார்.

விளக்கு பச்சையானது. மெயில் வரவில்லை.

மும்பை மெஷின் காலையிலேயே வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கும் என்றாள் அக்கா. பூட்டியிருந்தால் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வரும். எப்போது என்பது அதன் இஷ்டம். நாம் போய்க் கையைப் பிடித்து இழுக்க முடியாது. நம்பர் தெரியாமல் பதிலும் போட முடியாது. மூன்று பேரும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு விருந்தாளிக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றோம். பெரியப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டார். பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

அப்போதுதான் தேர் எங்கள் வீட்டுக்கு நேராக வந்தது. தரை அதிர்ந்தது. ஜன்னல் கம்பி கிணுகிணுத்தது. மேஜை ஆட, அக்கா பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஜன்னலை அடைத்துக்கொண்டு தேர்ச்சீலை நகர்ந்தது, அறை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம் மாறியது. தேருக்கென்றே ஜீயபுரத்திலிருந்து வந்த பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, கொசுவலை கட்டிய பெட்டியைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்.

அந்தச் சத்தத்தில் லேப்டாப் சத்தம் கேட்கவில்லை. திரையில்தான் பார்த்தோம். மும்பை.

அக்கா நம்பரைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். ஒரு தடவை சரிபார்த்தாள். என்னைப் படிக்கச் சொல்லி இன்னொரு தடவை. அனுப்பினாள். அந்தப் பக்கம் வாங்கிக்கொண்டது என்று ஒரு வரி வந்தது. வாங்கியது குப்பையில் போட்டதா, மனுஷன் கண்ணில் காட்டியதா என்பது அந்த வரியில் இருக்காது. மாசக்கணக்கில் பேரும் வீடும் பொருத்தி, முத்திரை குத்தி உட்கார்ந்ததெல்லாம் இந்த ஒரு மெயிலுக்குத்தான். பெரியப்பா அனுப்பியாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றாள். போச்சா என்று கேட்டார். அக்கா அந்த ஒரு வரியையே மறுபடி படித்தாள்.

தேர் நாலு வீடு தாண்டி நின்று, மறுபடி நகர்ந்து, சத்தம் தேய்ந்த பிறகு பதில் வந்தது. ஒரே வரி. லாரி நம்பர்.

பெரியப்பா அதை விரலால் தொட்டுப் படித்தார். தோப்பில் காத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும், போனோ இங்கே எடுக்காது, ஆகவே சிக்னல் கிடைக்கிற இடம் வரைக்கும் கூட்டத்தில் இடித்துக்கொண்டு நடந்தே கிளம்பினார். வாசலில் திரும்பி, "அடுத்த வருஷம் தேர் என்னிக்குன்னு முன்னாடியே எனக்குச் சொல்லிடும்மா" என்றார். அவர் ஜீயபுரத்துக்காரர். தேர்த் தெருவிலேயே வாடகைக்கு இருப்பது நாங்கள், நாள் பார்த்துச் சொல்ல வேண்டியதும் நாங்கள்தான்.

கொடுத்த வாக்குப்படி மர அடையாள ஆணையம் தன் கடைசி மெயிலை அனுப்பியது. அக்கா என்னையே அடிக்கவைத்தாள். தங்கள் தென்னை நல்ல நடத்தை உள்ளது என்று தெரியவந்ததால் அடையாள அட்டை தேவைப்படாது. சந்திலிருந்து ஒரு பெண்குரல் சிரிப்பது கேட்டது.

சாயங்காலம் தெரு காலியாகி, நீர்மோர்ப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மொட்டை மாடியில் மல்லாந்து கிடந்தேன். போன் நடுங்கியது. ரோசம்மாளுக்கு மெயில்.

ரோசம்மாக்கா, காலையில் நீங்கள் எழுதியது கிடைத்தது. பக்கம் நன்றாகத் திறக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தில் எங்கள் வயர் தெருக் கம்பத்தில் சுருண்டு கிடந்தது. துறையூரில் இருந்து இல்லை, எதிர்வீட்டில் இருந்துகூட யாருக்கும் திறந்திருக்காது. இந்த வீட்டு வைஃபையில் இருப்பவர்களுக்கு மட்டும் பெட்டியிலிருந்து நேராகத் திறக்கிற மாதிரி நான் வைத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் என்னால் எழுந்திருக்க முடிந்தது.

இரண்டு தடவை படித்தேன். பிறகு எழுந்து உட்கார்ந்து, இல்லை பாப்பா, நான் தேர் பார்க்க ஸ்ரீரங்கம் வந்திருந்தேன், அப்படியே உங்கள் வீட்டு வாசல் பக்கம், என்று அடித்துக்கொண்டிருந்தேன். கீழே கல்லில் சுர்ரென்று சத்தம். முட்டை வாசனை.

"ரோசம்மாக்கா, தோசை ஆறுது. வாங்க."